கொலுப்படி சிப்பாய்களுக்குப் புது உடுப்பு! சின்னாளப்பட்டியிலிருந்து விளாச்சேரிக்கு ஒரு வண்ணப் பயணம்

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் மதுரை பஸ் ஏறி, கண்டக்டர் கொடுத்த சில்லறையை எண்ணி முடிப்பதற்குள் சின்னாளப்பட்டி வந்துவிடும். சுமார் 11 கிலோமீட்டர்தான். ஏறும்முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பாயின்ட் டு பாயின்ட் பஸ் இங்கே நிற்காது.

இறங்கியதும் முதலில் கண்ணில் படுவது சிறுமலை. அடுத்தது சேலை. கடை வாசலில் தொங்கும் சேலை, சைக்கிள் கேரியரில் மூட்டையாகப் போகும் சேலை, சாயம் போட்டுக் காயவைத்த சேலை என்று ஊர் முழுக்க நிறம்தான். 'சின்னாளப்பட்டு' என்று நம் அம்மாக்களும் பாட்டிகளும் ஒரு காலத்தில் பெருமையாகக் கட்டிய சேலை இந்த ஊர்க்காரர்கள் கைவேலை. இன்றைக்கு அதிகம் பேசப்படுவது சுங்குடி. மதுரை சுங்குடிக்கு 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் சுங்குடிக்காக முடிச்சுப் போடுகிற, சாயம் தோய்க்கிற கைகள் சின்னாளப்பட்டியிலும் நிறைய உண்டு.

சுங்குடி எப்படிப் பிறக்கிறது தெரியுமா? வெள்ளைத் துணியை விரல் நுனியில் துளியூண்டு கிள்ளி, நூலால் இறுக்கி முடிச்சுப் போடுவார்கள். ஒரு சேலைக்கு இப்படி ஆயிரக்கணக்கான முடிச்சு. சாயத்தில் தோய்த்துக் காயவைத்து முடிச்சை அவிழ்த்தால், சாயம் நுழையாத இடமெல்லாம் புள்ளியாக மலர்ந்திருக்கும். இப்போது மெழுகு அச்சிலும் ஸ்கிரீன் பிரின்ட்டிலும் புள்ளி வைத்துவிடுகிறார்கள் என்றாலும், கைமுடிச்சுப் புள்ளிக்கு நடுவே மெல்லிய நிழல் ஒன்று இருக்கும். அதைப் பார்த்தே அசலைக் கண்டுபிடித்துவிடுவார் என் அம்மாச்சி.

ஆனால், இந்தக் கட்டுரை சேலையைப் பற்றியது அல்ல. சுங்குடிப் புள்ளி அளவேயுள்ள ஒரு கண்ணைப் பற்றியது.

மாடியில் ஒரு போர்க்களம்

அம்மாச்சி வீட்டு மாடி அறையில் இப்போது என் பெரியம்மா மகன் குடியிருக்கிறான். வேலை பெங்களூரு ஐ.டி. கம்பெனியில், மாதத்தில் பாதி நாள் இங்கிருந்தே லாக்-இன். அவன் மேஜையில் லேப்டாப்புக்குப் பக்கத்தில் ஒரு படை நிற்கிறது. கேடயம் ஏந்திய எலும்புக்கூடுகள், கோடரி பிடித்த குள்ளர்கள், பறக்கத் தயாராக ஒரு டிராகன். ஒவ்வொரு வீரனும் சுமார் 28 மில்லிமீட்டர். கட்டைவிரலின் மேல்கணு அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

'மினியேச்சர் வார்கேமிங்' என்று இதற்குப் பெயர். மேஜையையே போர்க்களமாக்கி, குட்டி மலை, குட்டி மரம் வைத்து, பகடை உருட்டி, டேப்பால் தூரம் அளந்து, படையை நகர்த்தி ஆடும் ஆட்டம். இதில் விசேஷம் என்னவென்றால், பொம்மைகள் சாம்பல் நிற பிளாஸ்டிக்கில் துண்டு துண்டாகத்தான் வரும். ஒட்டி, தேய்த்து, வண்ணம் தீட்டுவது நம் வேலை. பலருக்கு விளையாட்டைவிட இந்த வண்ணம் தீட்டும் வேலைதான் போதையே. என் தம்பியும் அந்த ரகம். அவன் ஆடிய ஆட்டங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தீட்டிய பொம்மைகளை எண்ண முடியாது.

"என்னடா இது, எறும்புக்குச் சட்டை தைக்கிற?" என்று அம்மாச்சி கேட்டதுதான் எங்கள் வீட்டில் இதற்குக் கிடைத்த முதல் விமர்சனம்.

சிரித்தாலும், இந்த விளையாட்டின் வேர் நம் பக்கம் வரை வருகிறது. தேர், யானை, குதிரை, காலாள் என நால்வகைப் படையைப் பலகையில் நிறுத்திய சதுரங்கம் இந்தியாவில் பிறந்தது. அது பாரசீகம் போய், அரபு நாடுகள் வழியாக ஐரோப்பா சேர்ந்து 'செஸ்' ஆனது. 1824-ல் பிரஷ்யாவில் ஒரு ராணுவ அதிகாரி, வரைபடத்தில் படைகளை நகர்த்திப் போர்ப்பயிற்சி பெறும் விளையாட்டைத் தளபதிகளிடம் காட்டினார். 1913-ல் எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸ், பொம்மைச் சிப்பாய்களை வைத்து வீட்டுத்தரையில் ஆடும் போருக்கு விதிகள் எழுதிப் புத்தகமே போட்டார். 1975-ல் லண்டனில் தொடங்கிய 'கேம்ஸ் வொர்க்‌ஷாப்' நிறுவனம் 1983-ல் 'வார்ஹாமர்' விளையாட்டைக் கொண்டுவர, பூதமும் டிராகனும் படையில் சேர்ந்துகொண்டன. இன்று உலகம் முழுக்க ஆட்கள் தீட்டிக்கொண்டிருப்பது பெரும்பாலும் அந்த வகைப் படைகளைத்தான்.

சின்னாளப்பட்டியிலிருந்து எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருக்கும் திண்டுக்கல் மலைக்கோட்டைக்கு 1755-ல் பௌஜ்தாராக வந்தவர் ஹைதர் அலி. படை திரட்டுவதும் அணிவகுப்பதும் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. இப்போது படை கொஞ்சம் குள்ளமாகிவிட்டது, அவ்வளவுதான்.

நிழலை ஊற்று, வெளிச்சத்தைத் தடவு

தம்பி பக்கத்தில் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பார்த்தேன். முதலில் பொம்மையை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவுகிறான். அச்சில் ஒட்டாமல் வருவதற்காகத் தடவிய எண்ணெய்ப்பசை போனால்தான் பெயின்ட் பிடிக்கும். அடுத்து, அச்சு சேர்ந்த இடத்தில் இருக்கும் மெல்லிய கோட்டைப் பிளேடால் சுரண்டி எடுக்கிறான். பிறகு மொட்டை மாடிக்குப் போய், மாஸ்க் போட்டுக்கொண்டு 'பிரைமர்' ஸ்பிரே. இது சுவருக்கு அடிக்கும் வெள்ளை மாதிரி. மேலே வரும் நிறத்துக்குப் பிடிமானம்.

அதன்பின் நிறங்கள். அக்ரிலிக் பெயின்ட்டைத் தண்ணீர் விட்டுப் பால் பதத்துக்குக் கரைத்து, மெல்லிசாக இரண்டு கோட்டிங். "கெட்டியா ஒரு தடவை அடிச்சா மூக்கு, விரல் எல்லாம் மூடிப்போகும்க்கா" என்றான்.

மந்திரம் இதற்குப் பிறகுதான். கறுப்போ காபிக்கொட்டை நிறமோ எடுத்து, கிட்டத்தட்டக் கலங்கல் தண்ணீராகக் கரைத்து, பொம்மை மேல் தாராளமாக விடுகிறான். அது உடையின் மடிப்புகளுக்குள், விரலிடுக்கில் தானாக ஓடித் தேங்கிக் காய்கிறது. நிழல் தயார்! இதற்கு 'வாஷ்' என்று பெயர். அடுத்து, வெளிர் நிறத்தைப் பிரஷ்ஷில் தொட்டு, துணியில் துடைத்துத் துடைத்து, பெயின்ட் இல்லை என்கிற நிலைக்குக் கொண்டுவந்து, மேடான இடங்களில் மட்டும் லேசாகத் தடவுகிறான். முடியும், கவச விளிம்பும் மின்னுகின்றன. இது 'டிரை பிரஷ்'. பள்ளத்துக்கு நிழல், மேட்டுக்கு வெளிச்சம். இவ்வளவுதான் சூத்திரம். கட்டைவிரல் உயரப் பொம்மையில் இயற்கையான நிழல் விழாது என்பதால், நிழலையும் நாம்தான் தீட்ட வேண்டியிருக்கிறது.

கடைசியில் கண். வெள்ளை வைத்து, நடுவே கறுப்பை ஒரு நிமிர்ந்த கீற்றாக இழுக்க வேண்டும். அந்த நேரம் தம்பி மூச்சு விடுவதில்லை. பொம்மை பிடித்த இடதுகையும் பிரஷ் பிடித்த வலதுகையும் மணிக்கட்டில் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். பிரஷ் நுனியை முதலில் இடது கட்டைவிரல் நகத்தில் இழுத்துப் பார்க்கிறான். கோடு சரியாக வந்தால்தான் பொம்மைக்குப் போகும்.

ஒரு பொம்மைக்கு ஆறு மணி நேரம்!

டிரங்குப் பெட்டியில் பன்னிரண்டு பேர்

இதையெல்லாம் மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மாச்சி, மறுநாள் காலையில் பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கச் சொன்னார். பழைய வேட்டித் துணியில் சுற்றிய கொலு பொம்மைகள். அதில் ஒரு 'பேண்டு செட்'. உங்கள் வீட்டிலும் இருந்திருக்கலாம். சிவப்புக் கோட்டு, வெள்ளைக் காற்சட்டை, தலையில் தொப்பி போட்ட பன்னிரண்டு மண் சிப்பாய்கள். ஒருவர் கையில் டிரம், ஒருவர் கையில் ஊதுகுழல். அம்மாச்சிக்குக் கல்யாணம் ஆன வருஷம் அவருடைய மாமியார் மதுரையில் வாங்கிவந்தது. இரண்டு தலைமுறைப் பிள்ளைகள் இதைத் தொடாதே என்று திட்டு வாங்கி வளர்ந்திருக்கிறோம்.

இப்போது கோட்டின் சிவப்பு பொரிப்பொரியாக உதிர்கிறது. முழங்காலில் வெண்மையாக உப்புப் பூத்திருக்கிறது. இரண்டு பேருக்கு முகமே இல்லை. வழவழவென்று வெறும் மண் உருண்டை.

"எறும்புக்கே சட்டை போடுறவன், இவங்களுக்குப் போட மாட்டியா? இந்த வருஷமாவது படியில ஏத்தணும்" என்றார் அம்மாச்சி. போன வருஷமும் அதற்கு முந்தைய வருஷமும் இந்த செட் பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை. 'அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்று சொல்லக்கூடிய வயதிலும் அம்மாச்சி இல்லை.

தம்பி உடனே தலையாட்டவில்லை. பிளாஸ்டிக் வேறு, சுட்ட மண் வேறு. தவறாகக் கைவைத்தால் மிச்சமிருக்கும் பத்து முகமும் போய்விடும். பொம்மை செய்பவர்களிடமே கேட்டுவிடலாம் என்று முடிவானது. நாங்கள் விளாச்சேரிக்குக் கிளம்பியது இப்படித்தான்.

பொம்மைகள் காயும் தெரு

தமிழ்நாட்டில் கொலு பொம்மை என்றால் பண்ருட்டி, காஞ்சிபுரம் பெயர்கள் முதலில் வரும். தென் மாவட்டக்காரர்களுக்கு அது விளாச்சேரி. மதுரைக்குத் தென்மேற்கே, திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர். சின்னாளப்பட்டியிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். வாடிப்பட்டி, சமயநல்லூர் தாண்டி ஆரப்பாளையத்தில் இறங்கி, பெரியார் பஸ் ஸ்டாண்ட் போய், அங்கிருந்து டவுன் பஸ். அந்தச் சாதா டவுன் பஸ்ஸில் எனக்கு இலவசம், தம்பிக்கு டிக்கெட். மடியில் துணிப்பொதிக்குள் இருந்த சிப்பாய்களுக்கும் இலவசம்தான்.

விளாச்சேரிக்கு இன்னொரு பெருமையும் உண்டு. சூரியநாராயண சாஸ்திரி என்ற தன் பெயரைத் தமிழாக்கிக்கொண்ட பரிதிமாற்கலைஞர் 1870-ல் பிறந்த ஊர் இது. தமிழைச் செம்மொழியாக அறிவிக்க வேண்டும் என்று முதலில் குரல் கொடுத்தவர், 33 வயதிலேயே மறைந்துபோனார். அவர் வாழ்ந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. போகிறவர்கள் ஒரு எட்டு பார்த்துவிட்டு வாருங்கள்.

பொம்மைத் தெருவுக்கு வழி கேட்கவே வேண்டாம். தெருவின் இரு பக்கமும் தலையில்லாத கிருஷ்ணர்கள், வெள்ளை பூசிய விநாயகர்கள், இன்னும் கண் திறக்காத தசாவதாரங்கள் வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள். ஆவணி மாதம். விநாயகர் சதுர்த்தி ஆர்டரும் நவராத்திரி ஆர்டரும் ஒன்றாக நெருக்கும் நேரம். இங்கே வருடத்தைத் தமிழ் மாதத்தால் கணக்கிடுவதில்லை, பொம்மையால் கணக்கிடுகிறார்கள். கிருஷ்ணர் முடிந்தால் பிள்ளையார், பிள்ளையார் முடிந்தால் கொலு, கொலு முடிந்த கையோடு கிறிஸ்துமஸ் குடில் செட். மாட்டுத்தொழுவமும் குழந்தை இயேசுவும் மூன்று ஞானிகளும் இதே தெருவில், இதே கைகளில்தான் உருவாகிறார்கள்.

வேலை நடக்கும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கண்மாய் மண்ணைக் காயவைத்து, தட்டிச் சலித்து, தண்ணீர் விட்டு ஊறவைத்து, மணல் கலந்து காலால் மிதிக்கிறார்கள். மணல் சேராவிட்டால் சூளையில் வெடிக்கும். முன்பாதி, பின்பாதி என்று இரண்டு அச்சுகள். ஒவ்வொன்றிலும் மண்ணை விரலால் அழுத்தி, குழைத்த சேற்றைப் பசையாகத் தடவி இரண்டையும் சேர்க்கிறார்கள். உள்ளே கூடு. அடியில் சின்ன ஓட்டை விட வேண்டும், காற்று வெளியேற. நிழலில் காயவைத்து, பிறகு வெயில், பிறகு சூளை. சுட்டு எடுத்ததும் வெள்ளைப் பூச்சு. அதற்கு மேல்தான் நிறம்.

"பிரைமர்" என்று என் காதில் கிசுகிசுத்தான் தம்பி. அந்த வெள்ளையைத்தான் சொன்னான்.

முன்பெல்லாம் பொடி நிறத்தை வஜ்ஜிரப் பசையில் குழைத்துத் தீட்டினார்களாம். இப்போது டப்பா பெயின்ட். உடம்புக்கும் உடைக்கும் ஸ்பிரே கன் வந்துவிட்டது. நகை, பார்டர், உதடு எல்லாம் பிரஷ். கண்ணை மட்டும் எல்லோரும் எழுதுவதில்லை. ஒரு வீட்டில் ஒருவரோ இருவரோதான்.

"விக்கிறதில்லையா தம்பி?"

அப்படிக் கண் எழுதுகிற ஒரு அக்காவின் திண்ணையில் உட்கார்ந்தோம். ஐம்பதைக் கடந்தவர். முன்னால் பலகையில் இருபது, இருபத்தைந்து மீராபாய்கள், எல்லோரும் கண்ணில்லாமல். பேசிக்கொண்டே எழுதினார். பிரஷ்ஷை நிறத்தில் தோய்த்து, இடது கட்டைவிரல் நகத்தில் ஒரு இழுப்பு. சுண்டுவிரலைப் பொம்மையின் தாடையில் முட்டுக் கொடுத்து, மூச்சைப் பிடித்து, மேல் இமை ஒரு வீச்சு, கருவிழி ஒரு புள்ளி, புருவம் ஒரு வீச்சு. தம்பி என்னை ஒரு பார்வை பார்த்தான். அதே நகம், அதே மூச்சு! யூடியூபில் வெளிநாட்டுக்காரர்களைப் பார்த்து அவன் கற்றதை, அவர் எட்டு வயதில் தன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கற்றிருக்கிறார்.

தம்பி பையிலிருந்து தன் எலும்புக்கூட்டு வீரன் ஒருவனையும் மந்திரவாதி ஒருவனையும் எடுத்துக் காட்டினான். அக்கா உள்ளங்கையில் வைத்து, வெளிச்சத்துக்குத் திருப்பி, "அடேங்கப்பா, இதுக்குக் கண்ணு வேற இருக்கே!" என்று சிரித்தார். பக்கத்துத் திண்ணைக்காரர்களும் எட்டிப் பார்த்தார்கள்.

"ஒண்ணு தீட்ட எவ்வளவு நேரம் ஆகும் தம்பி?"

"ஆறு மணி நேரம்க்கா."

"ஆறு மணி நேரத்துல நான் ஒரு லோடு முடிச்சுருவேனே! எவ்வளவுக்கு விக்கிறீங்க?"

"விக்கிறதில்லக்கா. சும்மா... விளையாட."

"விக்கிறதில்லையா?" என்று மறுபடி கேட்டார். கேலி இல்லை, பொறாமையும் இல்லை. ஒரு பொம்மைக்கு ஆறு மணி நேரம் கொடுக்க முடிகிற ஒருவனை ஆச்சர்யமாகப் பார்த்தார், அவ்வளவுதான். அவன் வீட்டில் இருக்கும் ஒரு சின்னப் பெட்டிப் பொம்மைகளின் விலையே சில ஆயிரம் ரூபாய் என்பதைத் தம்பி அங்கே சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

பிறகு அக்காவே பேசினார். அடைமழை பிடித்தால் மண் காயாது, சூளை எரியாது. நல வாரியத்தில் பதிந்தவர்களுக்கு அரசு மழைக்கால நிவாரணம் 5,000 ரூபாய் தருகிறது என்றாலும், நின்றுபோன வேலைக்கு அது ஈடாகாது. கண்மாயில் மண் எடுப்பதே பெரும்பாடாக இருந்த காலம் உண்டு. 2024-ல் தாசில்தார் அளவிலேயே இலவச அனுமதி என்று அரசு அறிவித்தது. கரைக்கும் சிலைகளுக்கு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கூடாது என்று 2020-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் விதி கொண்டுவந்த பிறகு களிமண் பிள்ளையாருக்கு மதிப்பு கூடியிருக்கிறது. ஆனால், கொலு பொம்மை கரைப்பதற்கானது அல்லவே. அங்கே அச்சில் ஊற்றினால் சட்டென்று காயும் பிளாஸ்டர் பொம்மையோடுதான் மண் பொம்மை போட்டி போடவேண்டியிருக்கிறது.

"எம்பொண்ணு படிச்சு முடிச்சு கம்பெனி வேலைக்குப் போறா. நல்லா கண்ணு எழுதுவா. சீசனுக்கு லீவு போட்டு வந்து எழுதிக் குடுத்துட்டுப் போவா. அவளுக்குப் பொறகு தெரியல" என்றார், இன்னொரு மீராவுக்கு மேல் இமை இழுத்தபடி.

கீழ் இமைக்கோடு

எங்கள் துணிப்பொதியைப் பிரித்தோம். அக்கா கை நின்றுவிட்டது. ஒரு சிப்பாயை எடுத்து, அடியைத் தட்டி ஓசை கேட்டார். "நல்லா வெந்த மண்ணு. சத்தம் பாருங்க." சுரண்டிப் பார்த்தார். "தரையோட ஈரம் ஏறியிருக்கு. அதான் உப்புப் பூத்து பெயின்ட்ட தள்ளுது."

பிறகு முகத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இது எங்க ஊரு சாமானா, வெளியூரு சாமானானு தெரியல பாப்பா. ஆனா, எழுதுன கை நல்ல கை. கண்ணுக்குக் கீழ் இமைக்கோடு போட்டிருக்கு பாருங்க."

அதுவரை எங்கள் குடும்பத்தில் யாரும் கவனிக்காத ஒன்று. கருவிழிக்குக் கீழே, மயிரிழை போல ஒரு பழுப்புக் கோடு. அதுதான் அந்தச் சிப்பாய்களுக்கு, லேசாகச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிற மாதிரி ஒரு முகத்தைக் கொடுத்திருக்கிறது.

"இப்ப இதை யாரும் போடுறதில்ல. ஒரு கோடு கூடுதலாப் போட்டா, ஒரு நாளைக்குப் பத்து பொம்மை குறையும். வாங்குறவங்களும் பாக்குறதில்ல."

புதிதாகவே தீட்டிவிடலாமா என்று கேட்டோம். பழைய பொம்மைகளுக்குப் புதுப்பூச்சு பூசித் தரும் வேலையை அவர் செய்கிறவர்தான். ஒரு பொம்மைக்கு அவர் சொன்ன கூலி எங்கள் இருவரின் ஒருநாள் டீச் செலவைவிடக் குறைவு. பன்னிரண்டையும் வாங்கிவைத்துக்கொண்டால் அவருக்கு வருமானம். ஆனாலும் சொன்னார்: "உடுப்பை எப்படி வேணாலும் அடிங்க. இந்தப் பத்து முகத்துல கைவைக்காதீங்க. நான் எழுதுனா அது என் பொம்மை ஆயிரும். உங்க பாட்டி பாத்த முகமா இருக்காது."

அப்போது முகமில்லாத அந்த இரண்டு பேர்?

அவர்களை மட்டும் அவர் வாங்கிக்கொண்டார். வெள்ளை பூசி வெயிலில் வைத்துவிட்டு, எங்களைத் திருப்பரங்குன்றம் போய் முருகனைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். சாயங்காலம் திரும்பினபோது சதை நிறம் காய்ந்திருந்தது. மற்ற பத்துப் பேரில் ஒருவனைக் கண்ணெதிரே நிறுத்திவைத்து, அவனைப் பார்த்துப் பார்த்து எழுதினார். இமை, கருவிழி, புருவம். கடைசியாக, இருப்பதிலேயே மெல்லிய பிரஷ்ஷை எடுத்து, நகத்தில் இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, கீழ் இமைக்கோடு. "அம்மா போடும். நான் போட்டு எத்தனையோ வருஷமாச்சு" என்றார். கோடு நடுங்கவில்லை.

கூலியோடு, தம்பி தன்னிடமிருந்த மிக மெல்லிய பிரஷ் ஒன்றையும் கொடுத்தான். அவர் அதை நகத்தில் இழுத்துப் பார்த்துவிட்டு, "நல்லாருக்கு" என்று காதோரம் செருகிக்கொண்டார்.

உடுப்பு வேலை சின்னாளப்பட்டி மொட்டை மாடியில் நடந்தது. உதிர்ந்த பெயின்ட்டை மெல்லத் தட்டி எடுத்து, உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் துடைத்து, ஒரு வாரம் நல்ல வெயிலில் வைத்து, அதன்பிறகே வெள்ளைப் பூச்சு. சிவப்பு எந்தச் சிவப்பு என்பதில் மட்டும் தகராறு. தம்பி காட்டிய எட்டுச் சிவப்பையும் தள்ளிவிட்டு, அம்மாச்சி தன் பழைய சுங்குடி ஒன்றின் முந்தானையைக் காட்டினார். அந்தச் சிவப்புதான் கோட்டுக்குப் போனது. மடிப்புகளில் தம்பி பாணியில் கொஞ்சம் நிழல். "அழுக்கா இருக்கே" என்றார் முதலில். தள்ளி நின்று பார்த்துவிட்டு, "சரி, இருக்கட்டும்" என்றார்.

உங்கள் வீட்டு பொம்மைக்கு...

* கொலு பொம்மையை ஈரத்துணியால் துடைக்காதீர்கள். மெல்லிய உலர்ந்த பிரஷ் போதும்.
* உப்புப் பூத்திருந்தால் பெயின்ட் அடிக்க அவசரப்படாதீர்கள். பூத்ததை உலர்வாகத் துடைத்து, நன்றாகக் காயவிட்ட பிறகே பூச்சு. ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் மறுபடி உதிரும்.
* காகிதக்கூழ் பொம்மையில் தண்ணீர் படவே கூடாது. மண் பொம்மைக்கான எந்த வேலையையும் அதில் செய்து பார்க்க வேண்டாம்.
* கெட்டியாக ஒரு பூச்சைவிட, மெல்லிசாக இரண்டு பூச்சு நல்லது. முதல் பூச்சு முழுதாகக் காய்ந்த பிறகே அடுத்தது.
* கோடு போடும்முன் நகத்திலோ காகிதத்திலோ இழுத்துப் பாருங்கள். இரண்டு மணிக்கட்டும் ஒன்றையொன்று தொட்டிருந்தால் கை நடுங்காது.
* ஸ்பிரே பெயின்ட் என்றால் திறந்தவெளி, மாஸ்க் கட்டாயம். குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம்.
* பழைய முகம் நன்றாக இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள்.
* எடுத்து வைக்கும்போது பிளாஸ்டிக் கவர் வேண்டாம், வியர்க்கும். பழைய பருத்தித் துணியே போதும். பெட்டியைத் தரையில் வைக்காமல் பரணிலோ பலகையிலோ வையுங்கள்.

எப்படிப் போகலாம், எப்போது போகலாம்?

சின்னாளப்பட்டிக்குத் திண்டுக்கல்லிலிருந்து டவுன் பஸ்களும், மதுரை போகும் சாதாரண பஸ்களும் உண்டு. ரயிலில் வருகிறவர்களுக்கு அருகில் இருப்பது அம்பாத்துறை ஸ்டேஷன். ஆனால், எல்லா ரயிலும் நிற்காது. திண்டுக்கல்லில் இறங்குவதே வசதி. ஊருக்குப் பக்கத்திலேயே காந்திகிராமம். டாக்டர் சௌந்திரம், ஜி.ராமச்சந்திரன் தம்பதி 1947-ல் தொடங்கியது. காதியும் கைத்தொழிலும் பிடிக்கும் என்றால் அதற்கும் ஒரு அரை நாள் ஒதுக்குங்கள்.

விளாச்சேரிக்கு மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து டவுன் பஸ் இருக்கிறது. நவராத்திரிக்கு முந்தைய வாரம் கூட்டம் அதிகம், பேச யாருக்கும் நேரம் இருக்காது. ஆடி, ஆவணியில் போனால் மிதிப்பதிலிருந்து கண் திறப்பது வரை எல்லாவற்றையும் நிதானமாகப் பார்க்கலாம். குடில் செட் வேண்டுபவர்கள் நவம்பரில் போகலாம். போட்டோ எடுக்கும்முன் ஒரு வார்த்தை கேளுங்கள். காய்கிற பொம்மையைக் கையில் எடுக்காதீர்கள்.

பொம்மை வாங்கும்போது கடைசியாக ஒன்று. நகையையும் ஜிகினாவையும் பார்த்த பிறகு, கண்ணுக்குக் கீழே ஒரு இமைக்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பேரம் பேசாதீர்கள்.